பின் ஷாக்கில் எவ்வளவு காற்று வைப்பது? புது டூரிங் பைக் எடுத்தவர்களுக்கு

புது டூரிங் பைக் எடுத்த முதல் வாரம் பெரும்பாலும் தனியாகத்தான் ஓட்டியிருப்பீர்கள். வண்டி வழுக்கிக்கொண்டு போயிருக்கும். அப்புறம் ஒரு நாள் பின்னால் ஆளை ஏற்றி, இரண்டு பக்கப் பெட்டியிலும் துணியை அடைத்து, மேல் பெட்டியில் மழைக்கோட்டையும் தண்ணீர் பாட்டிலையும் திணித்துக்கொண்டு கிளம்புவீர்கள். முதல் வேகத்தடையிலேயே பின்பக்கம் 'டொக்' என்று அடி தட்டும். வளைவில் சாய்த்தால் ஃபுட்போர்டு தரையில் உரசும். இரவானால் எதிரே வருகிறவர்கள் லைட்டை அடித்து அடித்துக் காட்டுவார்கள். வண்டியில் ஏதோ கோளாறு என்று மனம் பதறும். பல நேரம் கோளாறு ஒன்றும் இருக்காது. பின் ஷாக்கில், அதாவது பின் சக்கரத்தின் ஷாக் அப்சார்பரில், ஒரு ஆளுக்கு வைத்த காற்றில் இரண்டு ஆளும் மூட்டையும் போய்க்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்ய மெக்கானிக் வேண்டாம். முதல் முறை ஒரு மணி நேரம் ஆகும். பழகிவிட்டால் ஐந்து நிமிடம். எத்தனை பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) என்ற எண்ணைத் தேடி அலைவதைவிட, ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: யார் ஏறினாலும், எதை ஏற்றினாலும், வண்டியின் வால் அதே உயரத்தில் நிற்கிறதா? காற்று அடிப்பதே அதற்காகத்தான். இனி சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடும் வழி.

முதலில் உங்கள் வண்டியில் காற்றுதானா என்று பாருங்கள்

டூரிங் வண்டி என்றாலே பின் ஷாக்கில் காற்று இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஹோண்டா கோல்டு விங் வரிசையில் 1980-இல் வந்த ஜிஎல்1100 காற்றின் உதவியோடு இயங்கும் சஸ்பென்ஷனைக் கொண்டது. 1982-இல் வந்த அஸ்பென்கேடு மாடலில் வண்டியிலேயே ஒரு குட்டி கம்ப்ரஸரும் வைத்தார்கள். ஆனால் 2001-இல் வந்த ஜிஎல்1800-இல் காற்று இல்லை. பட்டனை அழுத்தினால் மோட்டார் ஸ்பிரிங்கை இறுக்கும். ஹார்லி டேவிட்சன் டூரிங் வண்டிகளில் பல வருடம் காற்று ஷாக்தான் இருந்தது. 2017 மாடலிலிருந்து, ஸ்பிரிங்கை இறுக்கக் கையால் திருகும் குமிழுக்கு மாறினார்கள். கவாஸாகி வல்கன் 1700 வாயேஜரில் பின்பக்கம் இரண்டு காற்று ஷாக். 2014 மாடல் இந்தியன் சீஃப்டெனில் நடுவில் ஒரே ஷாக், அதில் காற்று. ஆக, ஒரே கம்பெனியின் வண்டியே வருடத்துக்கு ஏற்ப மாறும். ஓனர்ஸ் மேனுவலைத் திறந்து சஸ்பென்ஷன் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். காற்று அடைக்கும் வால்வு எங்கே இருக்கிறது, அதிகபட்சம் எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவு, எடைக்கு ஏற்ற அட்டவணை உண்டா: இந்த நான்கும் அந்தப் பக்கத்தில் கிடைக்கும்.

வால்வு பார்ப்பதற்கு டயர் வால்வு மாதிரியே இருக்கும், கறுப்பு மூடியோடு. பக்கப் பெட்டிக்கும் மட்கார்டுக்கும் இடையிலோ, சைடு கவருக்குப் பின்னாலோ, சீட்டுக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். சில வண்டிகளில் இரண்டு ஷாக்கும் ஒரே குழாயில் இணைந்திருக்கும், ஒரு வால்வு போதும். தனித்தனி வால்வு உள்ள வண்டியானால் இரண்டிலும் ஒரே அளவு காற்று இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் சமமாக எடை தாங்காது.

உள்ளே காற்று என்ன செய்கிறது

ஷாக்கில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று எடையைத் தாங்குவது. இன்னொன்று துள்ளலை அடக்குவது. முதல் வேலை ஸ்பிரிங்குடையது. இரண்டாவது வேலை ஷாக்குக்குள் சிறு துளைகள் வழியே பிதுங்கிப் போகும் எண்ணெயுடையது. நாம் அடிக்கும் காற்று முதல் வேலைக்கு மட்டும் கைகொடுக்கும். எஃகு ஸ்பிரிங்கோடு சேர்ந்து, காற்றும் ஒரு ஸ்பிரிங்காக நிற்கிறது.

காற்று ஸ்பிரிங்குக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அடைபட்ட காற்றைப் பாதி இடத்துக்குள் அமுக்கினால் அதன் மொத்த அழுத்தம் இரட்டிப்பாகும். அதாவது அமுங்க அமுங்க இறுகும். சின்னப் பள்ளத்தில் மென்மையாகவும், பெரிய பள்ளத்தில் கடைசி நேரத்தில் விறைப்பாகவும் அது நடந்துகொள்வது இதனால்தான். பாரம் அடிக்கடி மாறுகிற டூரிங் வண்டிக்கு இந்தக் குணம் நன்றாகப் பொருந்துகிறது.

ஆனால் துள்ளலை அடக்கும் எண்ணெய்க்கு, நீங்கள் காற்றை ஏற்றியது தெரியாது. பல டூரிங் வண்டிகளில் அதைத் திருகிச் சரிசெய்ய வழியும் கிடையாது. அளவுக்கு மீறிக் காற்று அடித்தால் ஸ்பிரிங் பலமாகிவிடும், அடக்கும் கை பழைய பலத்திலேயே இருக்கும். பள்ளத்தில் இறங்கி ஏறியதும் பின்பக்கம் தூக்கிப் போடுவது இப்படித்தான். அப்போது பின்னால் இருப்பவர் சீட்டிலிருந்து எழும்பி விழுவார். மென்மை வேண்டும் என்று காற்றைக் குறைத்துக்கொண்டே போவது ஒரு தப்பு என்றால், அடி தட்டக் கூடாது என்று அதிகபட்சத்துக்கு அடித்து வைப்பது அடுத்த தப்பு.

பம்ப் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்

தேவையான சாமான் கொஞ்சம்தான். ஷாக்குக்கென்றே வரும் கைப்பம்ப், அளவு டேப், மாஸ்கிங் டேப், பேனா, ஒரு சின்ன நோட்டு. கூட ஒரு ஆள்.

கைப்பம்ப் ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் புதியவர்கள் காசை இழக்கிறார்கள். டயருக்குள் இருக்கும் காற்றோடு ஒப்பிட்டால் ஷாக்குக்குள் இருக்கும் இடம் மிக மிகச் சிறியது. டயருக்கு அடிக்கும் கம்ப்ரஸர் குழாயை இதில் வைத்தால் கண் இமைக்கும் நேரத்தில் அழுத்தம் வரம்பைத் தாண்டிவிடும். என் முதல் டூரிங் வண்டியில் நான் செய்தது அதைத்தான். டயருக்குக் காற்று அடிக்கும் இடத்தில், 'இதுவும் காற்றுதானே' என்று குழாயை வைத்தேன். ஒரு நொடிதான் இருக்கும். அன்று ஒன்றும் தெரியவில்லை. நான்கு நாள் கழித்து இடது ஷாக்கின் அடியில் எண்ணெய் கசிந்து, தூசி ஒட்டிக் கறுப்பு வளையமாகத் தெரிந்தது. சீல் போயிருந்தது. பம்ப்பில் மிச்சம் பிடிக்க நினைத்ததைப் போல பல மடங்கு ஷாக்குக்குச் செலவானது. அன்றிலிருந்து ஷாக் வால்வு பக்கம் கம்ப்ரஸரை அண்ட விடுவதில்லை.

மலைச் சைக்கிள் ஷாக்குக்கு வரும் கைப்பம்ப் மாதிரியானது நல்லது. ஒவ்வொரு அழுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். கேஜ் 0 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை காட்டுவதாக இருந்தால் படிக்க வசதி. 300 வரை காட்டும் கேஜில் 2 பி.எஸ்.ஐ. வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. இன்னொன்று, கழற்றும்போது ஷாக்கின் காற்று வெளியேறாத வகை முனை. சாதாரண முனையைத் திருகிக் கழற்றும்போது 'உஸ்' என்று போகும் காற்று, டயரில் ஒரு பொருட்டே இல்லை. ஷாக்கில் அதுவே சில பி.எஸ்.ஐ.-யைக் கொண்டுபோய்விடும்.

சில மேனுவல்களில் அளவு வேறு அலகில் இருக்கும். 100 கிலோபாஸ்கல் என்பது 14.5 பி.எஸ்.ஐ. 1 பார் என்பதும் அதே 14.5தான்.

உண்மையான எடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மேனுவல் அட்டவணை ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர், சுமை என்று எடையைக் கேட்கும். பலரும் என்றோ பார்த்த உடல் எடையை மனதில் வைத்துச் சொல்லிவிடுகிறார்கள். ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள். பின்னால் வருபவரும் அப்படியே. பெட்டிகளில் போகும் பையைக் கையில் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினால் சுமையின் எடையும் தெரிந்துவிடும். சவாரி உடுப்பும் ஹெல்மெட்டும் சேர்ந்து எவ்வளவு கனம் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

எல்லாவற்றையும் கூட்டி, வண்டி சுமக்கக்கூடிய அதிகபட்சத்தோடு ஒப்பிடுங்கள். அந்த எண் மேனுவலில் இருக்கும். பெரிய டூரிங் வண்டிகள் தாமே கனமானவை என்பதால், அவை சுமக்க அனுமதித்த பாரம் நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். இரண்டு பெரிய ஆட்களும் மூன்று நிறைந்த பெட்டிகளும் அந்த வரம்பைத் தொட்டுவிடலாம். வரம்பு தாண்டினால் காற்றை ஏற்றி வாலைத் தூக்கிவிடலாம்தான். ஆனால் டயரும் பிரேக்கும் சக்கரமும் அந்த எடையைச் சுமந்துகொண்டுதான் ஓட வேண்டும். அதற்கு ஒரே வழி சாமானை இறக்குவது.

காற்று வைக்கும் முறை

காலையில், வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது செய்யுங்கள். சமதளத்தில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டா, சென்டர் ஸ்டாண்டா என்பது மேனுவல் சொல்கிறபடி. ஷாக் அமுங்கி இருந்தால் கேஜ் அதிகம் காட்டும், நீண்டு இருந்தால் குறைவாகக் காட்டும் என்பதால், எப்போது பார்த்தாலும் அதே நிலையில் பாருங்கள். வண்டி மேல் ஆள் இருக்கக் கூடாது.

வால்வைச் சுற்றி இருக்கும் தூசியைத் துடைத்துவிட்டு மூடியைக் கழற்றுங்கள். பம்ப் முனையைக் கையால் நேராகத் திருகுங்கள். கோணலாக ஏற்றினால் மரை போய்விடும். மாட்டியவுடன் கேஜ் காட்டும் எண்ணைப் பார்த்து, 'கடையிலேயே காற்று குறைவாக வைத்திருக்கிறார்கள்' என்று கோபப்பட வேண்டாம். ஷாக்கில் இருந்த காற்றில் ஒரு பகுதி பம்ப்பின் குழாயை நிரப்பப் போயிருக்கும். மாட்டிப் பார்த்தாலே அளவு இறங்கும். அதனால் 'சும்மா பார்க்கலாம்' என்று மாட்டாதீர்கள். மாட்டினால் சரியான அளவுக்கு ஏற்றிவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

அட்டவணையில் உங்கள் எடைக்குப் போட்டிருக்கும் எண்ணை முதல் அளவாக வையுங்கள். அட்டவணை இல்லாவிட்டால், மேனுவல் தனி ஆளுக்குச் சொல்லும் வரம்பின் நடுவில் தொடங்கலாம். கொஞ்சம் கூடிவிட்டால் பம்ப்பில் இருக்கும் சிறு பட்டனைத் தட்டித் தட்டி இறக்குங்கள். வால்வு ஊசியை ஆணியால் அமுக்கி ஒரேயடியாகக் காற்றைத் திறந்துவிடவே கூடாது. வேகமாகப் போகும் காற்று ஷாக்கின் எண்ணெயையும் தூவலாக வெளியே இழுத்துக்கொண்டு போகும். அந்த எண்ணெய் பின் டயரிலோ பிரேக் டிஸ்க்கிலோ பட்டால் ஆபத்து. ஒரு பழைய துணியை வால்வைச் சுற்றி வைத்துக்கொள்வது என் பழக்கம்.

குறைந்தபட்ச அளவையும் மதியுங்கள். சில ஷாக்குகள் காற்றே இல்லாமலும் ஓடும், மேனுவலே 0 என்று போட்டிருக்கும். வேறு சிலவற்றில் கொஞ்சம் காற்று இல்லாமல் ஓட்டினால் உள்ளே சேதமாகும்.

டேப் வைத்து அளப்பது

இதுதான் முக்கியமான கட்டம். பலர் இதைச் செய்வதே இல்லை. எடைக்கு வண்டி எவ்வளவு கீழே உட்காருகிறது என்பதை அளக்கப்போகிறோம். இதை 'சேக்' (sag) என்று சொல்வார்கள்.

பின் சக்கரத்தின் ஆக்சில் நட்டின் நடுவை ஒரு புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நேர் மேலே, சட்டத்தோடு அசையாமல் இருக்கும் ஏதாவது ஒரு இடத்தில், பக்கவாட்டுப் பட்டையிலோ பெட்டியைத் தாங்கும் கம்பியிலோ, மாஸ்கிங் டேப்பை ஒட்டி பேனாவால் ஒரு கோடு போடுங்கள். இனி எல்லா அளவும் இந்த இரண்டு புள்ளிக்கு நடுவில்தான்.

முதல் அளவு, பின் சக்கரம் காற்றில் தொங்கும்போது. சென்டர் ஸ்டாண்ட் உள்ள வண்டியில் சுலபம். இல்லாதவர்கள், 350 கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டியை இரண்டு பேர் சேர்ந்து தூக்கிப் பார்க்கலாம் என்று முயலாதீர்கள். சட்டத்துக்கு அடியில் வைக்கும் மோட்டார் சைக்கிள் ஜாக் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் முதல் சர்வீஸுக்கு விடும்போது இந்த ஒரு அளவை எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒருமுறை எடுத்தால் போதும், மாறாது.

இரண்டாவது, வண்டி தன் எடையில் நேராக நிற்கும்போது. மூன்றாவது, நீங்கள் முழு உடுப்போடு ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் ஃபுட்போர்டில் வைத்திருக்கும்போது. காலைத் தரையில் ஊன்றியிருந்தால் உங்கள் எடையில் ஒரு பங்கு தரைக்குப் போய்விடும், அளவு பொய்யாகும். இதற்குத்தான் கூட ஆள். ஒருவர் முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை நிமிர்த்தி நிற்க, இன்னொருவர் அளந்தால் இன்னும் நல்லது.

என் தம்பி அளந்தபோது முதலில் 592 என்றான். "காலைத் தூக்குங்கண்ணே, ஒரு கால் கீழ இருக்கு" என்றான் உடனே. தூக்கினேன். 586 வந்தது. ஒரு பாதம் தரையில் பட்டதற்கே 6 மி.மீ. வித்தியாசம். அப்புறம் வால்பக்கத்தைக் கையால் லேசாக அழுத்தி மெதுவாக விட்டான், 586 நின்றது. லேசாகத் தூக்கி மெதுவாக விட்டான், 590-இல் நின்றது. ஷாக்குக்குள் சீல் பிடிப்பு இருப்பதால் வண்டி ஒரே இடத்தில் வந்து நிற்பதில்லை. புது வண்டியில் இந்தப் பிடிப்பு இன்னும் கூடுதலாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள 588-ஐ எடுத்துக்கொண்டோம்.

கணக்கு எளிது. தொங்கும்போது 620 மி.மீ., நான் ஏறியபோது 588. ஆக 32 மி.மீ. உட்கார்ந்திருக்கிறது. அந்த வண்டியின் பின் சக்கரம் மொத்தமாக மேலும் கீழும் போகும் தூரம் 110 மி.மீ. 32 என்பது அதில் 29 சதவீதம். மொத்தத் தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வந்தால் சாலையில் ஓட்டுவதற்குச் சரி என்பது நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு. அதைவிட அதிகமாக உட்கார்ந்தால் காற்று பற்றவில்லை. அதைவிடக் குறைவாக உட்கார்ந்தால் காற்று அதிகம். மொத்தத் தூரம் எவ்வளவு என்பது மேனுவலின் விவரப் பட்டியலில் இருக்கும். டூரிங் வண்டிகளில் இது அதிகம் இருக்காது. தாழ்ந்த சீட் உள்ளவற்றில் இன்னும் குறைவு. கொஞ்சத் தூரம்தான் இருக்கிறது என்பதால்தான் ஒவ்வொரு மில்லிமீட்டரும் முக்கியம்.

இப்போது பின்னால் ஆளை ஏற்றி, பெட்டிகளை நிரப்பி அளந்தோம். 566. அதாவது 54 மி.மீ. உட்கார்ந்துவிட்டது. இருக்கிற தூரத்தில் பாதி, நின்ற இடத்திலேயே காலி. பள்ளம் வந்தால் மீதி எங்கே இருக்கிறது? அடி தட்டத்தான் செய்யும். எல்லோரையும் இறக்கிவிட்டு 5 பி.எஸ்.ஐ. ஏற்றினோம், ஏறச் சொன்னோம், அளந்தோம். மறுபடி 5. வால் 588-க்கு வரும்வரை இப்படியே. அந்த இடத்தில் கேஜ் காட்டிய எண்தான் அந்தப் பாரத்துக்கு உரிய எண். நடுவில் மேனுவல் சொல்லும் அதிகபட்சம் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

5 பி.எஸ்.ஐ.-க்கு வால் எத்தனை மி.மீ. எழுகிறது என்பதையும் நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த தடவை டேப்பே வேண்டாம், கணக்குப் போட்டுவிடலாம். தொங்கும் அளவை எடுக்க வசதியே இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். அட்டவணைப்படி தனி ஆளுக்குக் காற்று வைத்து, நீங்கள் மட்டும் ஏறியபோது வரும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பாரம் ஏறியதும் அதே அளவு வரும்படி காற்றை ஏற்றுங்கள். வால் அதே உயரத்துக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது.

ஓட்டிப் பார்ப்பது

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சாலையைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒரு வேகத்தடை, கொஞ்சம் ஒட்டுப்போட்ட பகுதி, நீளமான ஒரு வளைவு, மூன்றும் இருக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு அதே சாலையில், அதே வேகத்தில் போங்கள். ஒரே நேரத்தில் டயர் காற்றையும் ஷாக் காற்றையும் மாற்றினால் எது எதைச் செய்தது என்று கடைசிவரை தெரியாது. டயரை முதலில் சரியாக வைத்துவிட்டு அதைத் தொடாமல் இருங்கள்.

அடி தட்டினால் 2 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். வளைவில் நீண்ட அலை போல வண்டி மேலும் கீழும் ஆடினாலும், ஃபுட்போர்டு சீக்கிரமே உரசினாலும், ஹேண்டில்பார் மந்தமாகத் திரும்பினாலும் அதே மருந்துதான். பின்பக்கம் தாழும்போது முன் ஃபோர்க் இன்னும் பின்னால் சாய்ந்துகொள்கிறது, முன் சக்கரத்தின் மேல் எடையும் குறைகிறது. அதனால் வண்டியைத் திருப்ப மனமில்லாதது போல இருக்கும். ஒட்டுப்போட்ட பகுதியில் ஒவ்வொரு சிறு மேடும் முதுகுத்தண்டில் குத்தினாலோ, மேட்டைத் தாண்டியதும் சீட் தூக்கி அடித்தாலோ 2 பி.எஸ்.ஐ. இறக்குங்கள். ஷாக் முழுக்க நீண்டு மேலே தட்டும் சத்தமும் அதிகக் காற்றின் அடையாளம்தான். ஆனால் அது அடி தட்டும் சத்தம் போலவே கேட்கும். குழப்பம் இருந்தால் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பள்ளத்தில் இறங்கும்போது வந்தால் அடி தட்டுகிறது. மேட்டைத் தாண்டி வண்டி எழும்பும்போது வந்தால் மேலே தட்டுகிறது.

பின்னால் உட்காருபவரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். அவர் பின் சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறார். உங்களுக்கு லேசாகத் தெரியும் அதிர்ச்சி அவருக்கு முழுசாகத் தெரியும். ஒரு நாள் முழுக்கப் போகப்போகிற பயணத்தில் அவர் சொல்வதுதான் கணக்கு.

சாலையில் தெரியாத சில விஷயங்கள்

ஹெட்லைட்டைச் சொல்ல வேண்டும். வால் தாழ்ந்தால் வெளிச்சம் மேலே போகும். எதிரே வருபவர் கண் கூசும், உங்களுக்கோ அருகில் இருக்கும் குழி தெரியாது. தனியாக இருக்கும்போது ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி வெளிச்சத்தின் மேல் விளிம்பை டேப்பால் குறித்துவையுங்கள். பாரம் ஏற்றிக் காற்றுச் சரிசெய்த பிறகும் அதே இடத்தில் விழுந்தால், நீங்கள் வைத்த காற்று சரி என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

சைடு ஸ்டாண்டும் அப்படித்தான். வால் தாழ்ந்த வண்டி சைடு ஸ்டாண்டில் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும். வலது பக்கம் லேசான சரிவு இருந்தாலே அந்தப் பக்கம் சாய்ந்துவிடலாம். முழுப் பாரத்தோடு நிறுத்தும்போது வண்டி எந்த அளவு சாய்ந்து நிற்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கால் எட்டவில்லை என்று காற்றை இறக்கி வண்டியைத் தாழ்த்துகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. சிக்னலில் கனமான வண்டியை நுனிக்காலில் தாங்குவது லேசான காரியம் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், அதற்குக் காற்றைத் தொடாதீர்கள். நிற்கும்போது கிடைக்கும் ஒரு சென்டிமீட்டருக்காக, ஓடும்போது தேவைப்படும் தூரத்தையும் வளைவில் சாய்க்கும் இடத்தையும் இழக்கிறீர்கள். தாழ்ந்த சீட், தடித்த அடி உள்ள பூட்ஸ் என்று வேறு வழிகள் இருக்கின்றன.

வெயிலும் உயரமும்

20 டிகிரி இருக்கும் காலையில் 20 பி.எஸ்.ஐ. வைத்தீர்கள் என்று வையுங்கள். ஷாக் 40 டிகிரிக்குச் சூடானால் கேஜ் 22-க்குக் கொஞ்சம் மேல் காட்டும். அதைப் பார்த்துவிட்டு நடுவழியில் இறக்கினால், மறுநாள் காலை குளிரில் காற்று குறைந்திருக்கும். அதனால்தான் ஆறியிருக்கும்போது வைத்ததே கணக்கு என்கிறோம். மலை ஏறினாலும் கேஜ் கூடுதலாகக் காட்டும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதே காரணம். 2000 மீட்டர் உயரத்தில் இந்த வித்தியாசம் சுமார் 3 பி.எஸ்.ஐ. ஒரு நாள் ஏறி இறங்குவதானால் கண்டுகொள்ள வேண்டாம். பல நாள் மேலேயே சுற்றப்போகிறீர்கள், வண்டி விறைப்பாகவும் தெரிகிறது என்றால், அங்கே ஒரு காலையில் சரிசெய்துகொள்ளலாம். கீழே இறங்கியதும் மறக்காமல் திரும்ப ஏற்றுங்கள்.

பட்டன் உள்ள வண்டி

வண்டியோடே கம்ப்ரஸர் இருந்தால் பம்ப் வேண்டாம், அளக்கும் வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. திரையில் தெரியும் எண்ணை நோட்டில் எழுதுங்கள். கம்ப்ரஸர் பேட்டரியை நன்றாக உறிஞ்சும். எஞ்சின் ஓட வேண்டுமா, நின்றிருக்க வேண்டுமா என்று மேனுவல் சொல்வதைக் கேளுங்கள். எஞ்சினை ஓட விடுவதானால் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் வேண்டவே வேண்டாம்.

கசிவும் மறு பரிசோதனையும்

காற்று ஷாக் மெதுவாகக் காற்றை இழப்பது வழக்கம்தான். மாதம் ஒருமுறை, அப்புறம் நீண்ட பயணத்துக்கு முந்தைய காலை, இந்த இரண்டு போதும். ஒரே வாரத்தில் கணிசமாக இறங்கினால் கசிவைத் தேடுங்கள். சோப்புத் தண்ணீரை வால்வு நுனியிலும் குழாய் இணைப்புகளிலும் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். வால்வு ஊசி தளர்ந்திருக்கலாம், இணைப்பில் இருக்கும் ஓ-ரிங் கிழிந்திருக்கலாம். இரண்டும் சின்னச் செலவு. ஷாக்கின் உடம்பிலேயே எண்ணெய் ஈரம் இருந்தால் சீல் போயிருக்கிறது, அது வாரண்டியில் காட்ட வேண்டிய விஷயம். புது வண்டி என்பதால் படம் எடுத்து, எத்தனை கி.மீ. ஓடியபோது பார்த்தீர்கள் என்று எழுதி, அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

முதல் சர்வீஸ் முடிந்து வந்ததும் டேப்பை எடுத்து ஒருமுறை மறுபடி அளங்கள். சீல்கள் பழகியிருக்கும். அழுத்தி விட்டபோதும் தூக்கி விட்டபோதும் வந்த வித்தியாசம் குறைந்திருக்கும். வால் கொஞ்சம் இறங்கியும் இருக்கலாம். என் நோட்டில் இப்போது மூன்று வரிதான் இருக்கிறது: நான் மட்டும், நானும் பின்னால் ஒருவரும், இருவரும் முழுச் சுமையும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எண், ஒரு தேதி. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மேல் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். சுமையை இறக்கிவிட்டு மறுநாள் தனியாகக் கிளம்பும்போது காற்றையும் இறக்க வேண்டும் என்பதை, பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அது ஞாபகப்படுத்துகிறது.